குறைமாதக் குழந்தைக்குத் தொற்று ஏன் எளிதில் வருகிறது? ‘எதிர்ப்புசக்தி இல்லை’ என்பது பாதி பதில்தான்

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் தொற்று என்று செய்தி வரும்போதெல்லாம் ஒரே விளக்கம்தான் கூடவே வருகிறது: ‘குறைப்பிரசவக் குழந்தைகள், எதிர்ப்புசக்தி இல்லை.’ இது தவறில்லை. ஆனால் இதோடு நின்றுவிட்டால் அடுத்து எழும் கேள்விகளுக்கு விடை கிடைக்காது. எதிர்ப்புசக்திதான் குறை என்றால் அதை ஊசி வழியாக ஏற்றிவிடலாமே, ஏன் ஏற்றுவதில்லை? எல்லோர் தோலிலும் சாதுவாகக் கிடக்கும் பாக்டீரியா இந்தக் குழந்தையின் ரத்தத்தில் மட்டும் எப்படி விஷமாகிறது? ரத்தத்தில் கிருமி புகுந்தால் தாமதமாக விழித்துக்கொள்ளும் அதே உடல், குடலில் மட்டும் தன் திசுவையே அழிக்கும் அளவுக்கு ஏன் கொதிக்கிறது?

மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. குறைமாதக் குழந்தையின் எதிர்ப்பாற்றல் பெரியவர்களுடையதன் சிறிய நகல் அல்ல. கருப்பைக்குள் வாழ்வதற்காக அமைந்த வேறொரு ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டோடு குழந்தை வெளியே வந்துவிடுகிறது.

அடிப்படைச் சொற்கள்

கர்ப்பத்தின் 37 வாரங்கள் நிறைவதற்கு முன் பிறப்பது குறைப்பிரசவம். உலகில் ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தை இப்படிப் பிறக்கிறது. 32 முதல் 36 வாரத்தில் பிறந்தவர்களே இவர்களில் பெரும்பான்மை. 28 முதல் 31 வாரம் வரை ‘மிகக் குறைமாதம்’, 28-க்கும் கீழே ‘அதீதக் குறைமாதம்’. இந்தக் கட்டுரையில் சொல்பவை பெரும்பாலும் 32 வாரத்துக்கு முன்னால் அல்லது 1,500 கிராமுக்கும் குறைவாகப் பிறந்த குழந்தைகளைப் பற்றியவை. 35 வாரத்தில் பிறந்த குழந்தைக்கும் அபாயம் உண்டு, ஆனால் அதன் அளவே வேறு.

எதிர்ப்பாற்றல் இரண்டு வகை. ஒரு கிருமியைச் சந்தித்து, அதன் முகத்தை நினைவில் வைத்து, அடுத்த முறை குறிபார்த்துத் தாக்குவது பெறப்பட்ட எதிர்ப்பாற்றல். தடுப்பூசி வேலை செய்வது இந்த வழியில். முன் அறிமுகம் எதுவும் இல்லாமல், கிருமி நுழைந்த நிமிடத்திலிருந்தே இயங்குவது இயல்பு எதிர்ப்பாற்றல். தோல், குடலின் சளிப்படலம், கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள், ரத்தத்தில் மிதக்கும் சில புரதங்கள் எல்லாம் இதில் அடக்கம். பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கு நினைவில் வைக்க எந்த அனுபவமும் இல்லை. ஆகவே அது நம்பியிருப்பது முழுக்க இயல்பு எதிர்ப்பாற்றலையும், தாய் கொடுத்தனுப்பும் எதிர்ப்பொருள்களையும்தான் (கிருமியை அடையாளம் கண்டு பிடிக்கும் புரதங்கள் இவை).

‘செப்சிஸ்’ என்பது ரத்தத்தில் தொற்று பரவி, அதற்கு உடல் காட்டும் கட்டுக்கடங்காத எதிர்வினையால் உறுப்புகள் தடுமாறும் நிலை.

வெளிமதில்: தோல்

நிறைமாதக் குழந்தையின் தோலின் மேற்புறத்தில் இறந்த செல்கள் பத்து முதல் இருபது அடுக்குகளாக இறுகி ஒரு கவசம்போல இருக்கும். 24 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு இது இரண்டு மூன்று அடுக்குதான். தோல் பளபளவென்று சிவந்து, உள்ளே ஓடும் ரத்தநாளம் தெரியும்படி இருப்பதற்குக் காரணம் இதுவே. இதன் வழியே நீர் ஆவியாகும் வேகம் நிறைமாதக் குழந்தையைவிடப் பத்து மடங்குக்கும் மேல். நீர் வெளியேறும் அளவுக்குத் தளர்ந்த மதிலில் கிருமி உள்ளே வரவும் தடை குறைவு.

வெர்னிக்ஸ் என்ற வெண்ணிறப் பூச்சையும் இந்தக் குழந்தை இழக்கிறது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் கருவின் மேல் படியும் இந்தப் பிசுக்கை அழுக்கு என்று நினைத்துத் துடைத்த காலம் உண்டு. உண்மையில் லைசோசைம், லாக்டோஃபெரின் போன்ற கிருமிக்கொல்லிப் புரதங்கள் அதில் நிறைந்திருக்கின்றன. 26 வாரத்தில் பிறக்கும் குழந்தையின் மேல் அது ஏறக்குறைய இருப்பதே இல்லை.

நல்ல செய்தி ஒன்று உண்டு. எந்த வாரத்தில் பிறந்தாலும், காற்றுபட்ட தோல் வேகமாக முதிர்கிறது. பொதுவாக இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் கவசம் ஓரளவு உருவாகிவிடும், அதீதக் குறைமாதக் குழந்தைகளுக்கு இன்னும் சற்று நாளாகும். ஆனால் ஊசி, குழாய், பிளாஸ்திரி எல்லாம் அதிகம் தேவைப்படுவது அதே முதல் சில வாரங்களில்தான். ஒரு பிளாஸ்திரியை வேகமாக உரித்தாலே தோலும் சேர்ந்து வந்துவிடும். அந்தக் காயமே கிருமிக்குக் கதவு.

உள்ளே இருக்கும் படை

மதிலைத் தாண்டிய கிருமியை எதிர்கொள்ளும் பிரிவுகள் ஒவ்வொன்றிலும் வேறு வேறு விதமான குறை இருக்கிறது.

1. நியூட்ரோபில்கள். கிருமியை முதலில் சென்று விழுங்கும் வெள்ளணுக்கள் இவை. ரத்தத்தில் இவற்றின் எண்ணிக்கை சாதாரணமாகத் தெரியலாம். சிக்கல் எலும்பு மஜ்ஜையில் உள்ள கையிருப்பில். தொற்று வந்தவுடன் சேமிப்பு முழுவதையும் அனுப்பிவிட்டு மஜ்ஜை காலியாகிவிடும். கடுமையான செப்சிஸில் வெள்ளணு எண்ணிக்கை ஏறாமல் சரிவது இதனால்தான், அதை மருத்துவர்கள் கெட்ட அறிகுறியாகப் பார்ப்பதும் இதனால்தான். இருப்பவையும் மந்தமாகவே நகர்கின்றன. ரத்தநாளச் சுவரில் ஒட்டிக்கொண்டு திசுவுக்குள் ஊடுருவ உதவும் பிடிப்புப் புரதங்கள் அவற்றின் மேற்பரப்பில் குறைவு. தம் டிஎன்ஏ இழைகளையே வலையாக வீசிக் கிருமியைச் சிக்கவைக்கும் திறனும் இன்னும் கைவரவில்லை.

2. காம்ப்ளிமென்ட் புரதங்கள். கிருமியின் மேல் ஒட்டி ‘இதை விழுங்கு’ என்று அடையாளமிடுவதும், கிருமியின் சுவரில் துளையிடுவதும் இவற்றின் வேலை. நிறைமாதக் குழந்தைக்கே பெரியவர்களின் அளவில் பாதி அல்லது சற்று அதிகம்தான் இருக்கும், குறைமாதத்தில் இன்னும் கீழே. துளையிடும் வேலையின் கடைசிக் கண்ணியான சி9 புரதம் மிகக் குறைவு. ஆகவே ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்களைத் துளைத்துக் கொல்வது கடினமாகிறது.

3. மோனோசைட்டுகள். கிருமியை அடையாளம் காணும் ‘டோல் ஏற்பிகள்’ இவற்றின் மேல் ஏறக்குறைய சரியான எண்ணிக்கையில் இருக்கின்றன. பார்வை இருக்கிறது, எழுப்பும் குரல்தான் வேறு. தாக்குதலுக்கு அழைக்கும் சமிக்ஞைப் புரதங்களான டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-12 ஆகியவை குறைவாகவும், தணிக்கச் சொல்லும் இன்டர்லூக்கின்-10 ஒப்பீட்டளவில் கூடுதலாகவும் சுரக்கின்றன.

ஏன் இந்த அடக்கம்?

மூன்றாவது அம்சத்தில் கொஞ்சம் நின்று போகவேண்டும், கட்டுரையின் மையம் அதில்தான் இருக்கிறது.

கரு, தாயின் உடலுக்குப் பாதி அந்நியம். தாயின் செல்களும் கருவுக்குப் பாதி அந்நியம். இரண்டும் மாதக்கணக்கில் ஒட்டி வாழவேண்டும். யாராவது ஒருவர் சண்டை தொடங்கினாலும் முடிவு கருச்சிதைவு அல்லது குறைப்பிரசவம். ஆகவே கருவின் எதிர்ப்பாற்றல் பொறுத்துப்போகும்படியே அமைந்திருக்கிறது. கருவின் ரத்தத்தில் அதிகமாக உள்ள அடினோசின் என்ற மூலக்கூறு வெள்ளணுக்களின் டிஎன்எஃப் சுரப்பை அடக்குகிறது. சிவப்பணுவாக முதிர வேண்டிய, சிடி71 என்ற அடையாளம் தாங்கிய இளம் செல்களும் அடக்கும் வேலையில் பங்கேற்கின்றன. 2013-ல் எலிக்குட்டிகளிலும் மனிதத் தொப்புள்கொடி ரத்தத்திலும் செய்த ஆய்வு இதைக் காட்டியது.

பிறந்தவுடன் குடலிலும் தோலிலும் பல்லாயிரம் கோடி பாக்டீரியாக்கள் குடியேறுகின்றன. ஒவ்வொன்றையும் கண்டு உடல் கொதித்தெழுந்தால் குழந்தை பிழைக்காது. அதனால் பிறந்த பிறகும் சில வாரங்களுக்கு இந்த அடக்கம் தேவையாகவே இருக்கிறது. நிறைமாதக் குழந்தை கனமான தோல், தாயின் எதிர்ப்பொருள், தாய்ப்பால் ஆகியவற்றின் பாதுகாப்பில் இந்தக் காலத்தைக் கடந்துவிடும். குறைமாதக் குழந்தைக்கு அடக்கம் அப்படியே இருக்கிறது, துணைக்கு நிற்க வேண்டிய மூன்றும் போதிய அளவில் இல்லை.

குடலில் மட்டும் நேர்மாறு

‘நெக்’ என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்வது, குடல்சுவர் வீங்கி அழுகும் நோய். குறைமாதக் குழந்தைகளைத் தாக்கும் நோய்களில் மிகக் கொடியவற்றுள் ஒன்று. இங்கே நடப்பது எதிர்வினைக் குறைவு அல்ல, மிகை.

கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவை உணரும் டோல் ஏற்பி 4, கருவின் குடல் உள்வரிச் செல்களில் அதிகமாக இருக்கும். கருப்பையில் அது கிருமி உணர்வியாக வேலை செய்வதில்லை, குடல் வளர்ச்சிக்கு உதவுகிறது. கரு விழுங்கும் பனிக்குட நீரில் உள்ள வளர்ச்சிக் காரணிகள் அதைத் தணித்தே வைத்திருக்கின்றன. 27 வாரத்தில் வெளியே வந்துவிட்டால் தணிக்கும் நீர் நின்றுவிடும், பாக்டீரியா வந்துவிடும், ஏற்பி மட்டும் அதே அளவில் நிற்கும். அது தூண்டப்படும்போது குடல்செல்கள் மடிகின்றன, சேதத்தை ஆற்றவேண்டிய புதுச் செல்கள் வராமல் தடைபடுகின்றன, குடலுக்குப் போகும் ரத்தம் குறைகிறது. ஓட்டை விழுந்த சுவர் வழியே பாக்டீரியா ரத்தத்தில் கலக்கிறது.

தாய்ப்பாலில் அதே வகை வளர்ச்சிக் காரணிகள் இருப்பதைப் பார்க்கும்போது, பனிக்குட நீர் விட்ட இடத்திலிருந்து தாய்ப்பால் தொடர்கிறது என்பது விளங்கும். புட்டிப்பால் மாவுக்கு இந்தத் திறன் கிடையாது.

தாய் கொடுத்தனுப்பும் பங்கு

ஐஜிஜி வகை எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே தாயிடமிருந்து கருவுக்குக் கடத்தப்படுகிறது. இது தானாகக் கசிவதில்லை. அதற்கென உள்ள ஏற்பி ஒன்று பிடித்துக் கொண்டுபோய் விடுகிறது. இரண்டாம் மும்மாதத்தின் தொடக்கத்தில் மெதுவாக ஆரம்பித்து, 17 முதல் 22 வாரத்தில் தாயின் அளவில் 5 முதல் 10 சதவீதம், 28 முதல் 32 வாரத்தில் ஏறக்குறைய பாதி, நிறைமாதத்தில் தாயின் அளவுக்குச் சமமாக அல்லது அதற்கும் மேலே என்று ஏறும். பெரும்பங்கு கடைசி சில வாரங்களில் வருகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். 25 வாரத்தில் பிறந்த குழந்தை தவறவிடுவது அந்தப் பெரும்பங்கைத்தான்.

ஐஜிஎம் வகை எதிர்ப்பொருள் எந்த வாரத்திலும் கடத்தப்படுவதில்லை.

எந்தக் கிருமி, எந்த வழியில்

பிறந்து முதல் 72 மணி நேரத்துக்குள் வருவது முன்செப்சிஸ். தாயின் பிறப்புறுப்பிலிருந்து பனிக்குடத்துக்குள் ஏறியோ பிரசவத்தின்போதோ தொற்றுவது. ஈ.கோலையும் பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸும் முக்கியக் கிருமிகள். குறைமாதக் குழந்தைகளில் ஈ.கோலைக்கே முதலிடம். இங்கே ஒரு சுழற்சி இருக்கிறது: பனிக்குடத்தில் ஏறிய தொற்றே பல நேரம் குறைப்பிரசவத்தைத் தூண்டுகிறது. அதாவது தொற்றினால் முன்கூட்டிப் பிறந்த குழந்தை, தொற்றைத் தாங்கும் வயதில் இல்லை.

72 மணிக்குப் பிறகு வருவது பின்செப்சிஸ். இது சூழலிலிருந்து வருவது: கைகள், குழாய்கள், குடல். அமெரிக்காவில் 1998 முதல் 2000 வரை பிறந்த 1,500 கிராமுக்கும் குறைவான குழந்தைகளில், மூன்று நாளைத் தாண்டிப் பிழைத்தவர்களைப் பார்த்தபோது 21 சதவீதத்தினருக்குக் குறைந்தது ஒரு முறையாவது பின்செப்சிஸ் வந்திருந்தது. முதல் தொற்றுகளில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் தோலில் வாழும் சாதாரண ஸ்டாஃபிலோகாக்கஸ் வகைகள். தோலில் சாதுவாகக் கிடக்கும் பாக்டீரியா பற்றித் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கான பதில் இது. இவை பலம் மிக்க கிருமிகள் அல்ல. சிரைக்குள் வைத்த பிளாஸ்டிக் குழாயில் ஒட்டி, வழவழப்பான படலம் கட்டி, அதற்குள் பெருகுகின்றன. பெரியவரின் வெள்ளணு சிதறி வருபவற்றை உடனுக்குடன் அப்புறப்படுத்திவிடும். மந்தமான நியூட்ரோபிலும் குறைந்த காம்ப்ளிமென்டும் அதைச் செய்யத் தவறுகின்றன. பல மருத்துவமனைகளில் கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்றவை பின்செப்சிஸை ஆள்கின்றன. அவற்றில் மருந்துக்கு அடங்காத வகைகள் பெருகியிருப்பதுதான் இன்று மிகப் பெரிய கவலை.

தொற்று குணமான பிறகும் கணக்கு முடிவதில்லை. அழற்சியில் வெளியாகும் வேதிப்பொருள்கள் வளர்ந்துகொண்டிருக்கும் மூளையின் வெண்பொருளையும் நுரையீரலையும் பாதிக்கின்றன. செப்சிஸிலிருந்து பிழைத்த குறைமாதக் குழந்தைகளுக்குப் பெருமூளை வாதமும் வளர்ச்சித் தாமதமும் கூடுதலாகக் காணப்படுவது இதனால்.

குறையை மருந்தால் நிரப்பிப் பார்த்த ஆய்வுகள்

‘இல்லாததை ஏற்றிவிடலாமே’ என்ற கேள்வி நியாயமானது. மருத்துவ உலகமும் அப்படித்தான் யோசித்தது, பெரிய அளவில் செய்தும் பார்த்தது.

1. எதிர்ப்பொருள் குறைவு என்பதால் பலரின் ரத்தத்திலிருந்து திரட்டிய எதிர்ப்பொருள் கலவையான இம்யூனோகுளோபுலினைச் சிரை வழி ஏற்றினார்கள். செப்சிஸ் வந்த அல்லது சந்தேகிக்கப்பட்ட 3,493 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2011-ல் வெளியானது. இரண்டு வயதில் இறப்பு அல்லது பெரும் ஊனம், மருந்து பெற்றவர்களில் 39 சதவீதம், பெறாதவர்களிலும் அதே 39 சதவீதம்.

2. நியூட்ரோபில் குறைவு என்பதால் மஜ்ஜையைத் தூண்டும் ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். 2009-ல் வெளியான ஆய்வில் 280 குழந்தைகள். எண்ணிக்கை ஏறியது, செப்சிஸ் குறையவில்லை.

3. சீம்பாலில் நிறைந்திருக்கும் லாக்டோஃபெரினைப் பசும்பாலிலிருந்து பிரித்து வாய்வழி கொடுத்தார்கள். 32 வாரத்துக்கு முன் பிறந்த 2,203 குழந்தைகளிடம் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், தொற்று ஏறக்குறைய இரு பக்கமும் ஒன்றே: பெற்றவர்களில் 29 சதவீதம், பெறாதவர்களில் 31.

ஏன் தோற்றன? முதலாவதில், பொதுவான கலவை எதிர்ப்பொருளில் அந்தக் குழந்தையைத் தாக்கும் குறிப்பிட்ட கிருமிக்கான பங்கு சிறிதாகவே இருந்திருக்கும். பிடித்துக் கொடுத்தாலும் விழுங்க வெள்ளணுவும் காம்ப்ளிமென்டும் வேண்டும். இரண்டாவதில், மந்தமான படையில் ஆட்களைக் கூட்டினால் வேகம் கூடாது. மூன்றாவதில், பாலில் நூற்றுக்கணக்கான கூறுகள் சேர்ந்து செய்யும் வேலையை ஒன்று தனியாகச் செய்யும் என்று எதிர்பார்த்தோம். ஒரு சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் கெட்டிப்படுத்தினால் அது அடுத்த கண்ணியில் அறும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு, அதுவும் பாடம் சொல்வது. ஆர்எஸ்வி என்ற சுவாசக் கிருமிக்கு மட்டும் குறிவைத்துத் தயாரித்த நிர்செவிமாப் என்ற எதிர்ப்பொருள் நன்றாக வேலை செய்கிறது. அங்கே எதிரி ஒன்றே, இலக்கு துல்லியம், கொடுப்பது தொற்று வருவதற்கு முன்.

நன்மை செய்யும் பாக்டீரியாவைக் கொடுக்கும் புரோபயாடிக் விஷயம் இன்னும் விவாதத்தில் இருக்கிறது. தாய்ப்பால் குடிக்கும், 32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்குக் கொடுப்பதைப் பரிசீலிக்கலாம் என்று 2022-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. 2023-ல், கொடுத்த பாக்டீரியாவே ரத்தத்தில் புகுந்து ஒரு குறைமாதக் குழந்தை இறந்ததையடுத்து அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. கடையில் கிடைக்கும் சாஷேவைப் பெற்றோர் தாமாகக் கொடுக்கக்கூடாத பொருள் இது என்பதில் மட்டும் சந்தேகமே வேண்டாம்.

பலன் தந்தவை: கதவுகளைக் காப்பது

படையை மருந்தால் பெருக்கும் முயற்சிகள் தோற்ற இடத்தில், கிருமி நுழையும் கதவுகளைக் காத்த எளிய வேலைகள் வென்றிருக்கின்றன. இவற்றுக்குக் கிடைக்கும் கவனம் இவற்றின் தகுதிக்கு மிகவும் குறைவு.

*கைகள்.* ஆல்கஹால் திரவமானால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் நீருமானால் 40 முதல் 60 விநாடி. குழந்தையைத் தொடுவதற்கு முன்னும் பின்னும், ஒரே குழந்தையாக இருந்தாலும் அழுக்கான வேலையிலிருந்து சுத்தமான வேலைக்கு மாறும்போதும். டயபரை மாற்றிய கையோடு குழாயைத் தொடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மோதிரம், வளையல், கைக்கடிகாரம் இருக்கும் கை முழுமையாகச் சுத்தமாவதில்லை. கைபேசியைத் தொட்டால் மறுபடி கை கழுவவேண்டும்.

*குழாய்கள்.* மையச் சிரையில் வைக்கும் குழாயே பின்செப்சிஸின் ராஜபாட்டை. திறக்கும் ஒவ்வொரு முறையும் அதன் முனையைக் கிருமிநாசினியால் 15 விநாடி அழுத்தித் தேய்த்து, உலரவிட்டே இணைக்கவேண்டும். உலராமல் இணைத்தால் தேய்த்ததன் பலன் பாதி போய்விடும். ஒவ்வொரு நாளும் ‘இந்தக் குழாய் இன்றும் தேவையா?’ என்று கேட்பதே மிகச் சிறந்த தடுப்பு. வாய்வழிப் பால் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 120 மி.லி. அளவை எட்டும்போது பொதுவாகக் குழாயை எடுத்துவிடலாம். பெரியவர்களுக்குப் பயன்படும் ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி அதீதக் குறைமாதத் தோலில் வேதிப்புண்ணை உண்டாக்கும், தேங்கி நின்றால் இன்னும் மோசம்.

*தாய்ப்பால்.* முதல் சில நாட்களின் சீம்பால் சில துளிகளே கிடைத்தாலும் அதை வீணாக்கக்கூடாது. பிறந்த சில மணி நேரத்துக்குள் பீய்ச்சத் தொடங்கி, 24 மணி நேரத்தில் எட்டு முறையாவது பீய்ச்சினால்தான் சுரப்பு நிலைக்கும். இரவில் விட்டுவிட்டால் ஒரு வாரத்தில் பால் குறைந்துவிடும். குறைமாதத்தில் பெற்ற தாயின் பாலில் ஐஜிஏ எதிர்ப்பொருளும் லாக்டோஃபெரினும் கூடுதலாகவே இருக்கின்றன. தாயின் பால் போதாதபோது பாஸ்டரைஸ் செய்த தானப்பால் அடுத்த தேர்வு. சூடாக்குவதில் எதிர்ப்பொருளில் ஒரு பங்கு அழியும் என்றாலும் நெக் அபாயம் புட்டிப்பாலைவிடக் குறைவு.

*தோலோடு தோல்.* 1978-ல் கொலம்பியாவின் போகோட்டாவில் எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் கங்காரு பராமரிப்பைத் தொடங்கியதற்குக் காரணமே இன்குபேட்டர் பற்றாக்குறையும், ஒரே இன்குபேட்டரைப் பகிர்ந்த குழந்தைகளிடையே பரவிய தொற்றும்தான். 2021-ல் கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு, 1,000 முதல் 1,799 கிராம் எடையுள்ள 3,211 குழந்தைகளைப் பின்தொடர்ந்தது. உடல்நிலை சீராகும் வரை காத்திராமல் பிறந்தவுடனேயே தாயின் மார்பில் வைத்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 12 சதவீதம், வழக்கமான முறையில் 15.7 சதவீதம். செப்சிஸ் சந்தேகமும் குறைந்தது. பலன் தெளிவாகிவிட்டதால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். குழந்தையின் மேல் முதலில் குடியேறுபவை தாயின் பாக்டீரியாவாக இருப்பதும், வெப்பம் சீராக இருப்பதும், தாய்ப்பால் கூடுவதும் இதில் சேர்ந்தே வேலை செய்கின்றன. இப்போதைய பரிந்துரை நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம், முடிந்த அளவு அதிகமாக. ‘குழந்தை ரொம்பச் சின்னது, தொடாதீர்கள்’ என்று தாயை வெளியே நிறுத்துவது பாதுகாப்பு அல்ல, பாதுகாப்பைப் பறிப்பது.

*மருந்தைக் குறைப்பது.* முன்செப்சிஸ் சந்தேகத்தில் ஆன்டிபயாடிக் தொடங்குவது சரி. ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையான ரத்தக் கல்ச்சரில் 36 முதல் 48 மணி நேரத்தில் எதுவும் வளராமல், குழந்தையும் நன்றாக இருந்தால் நிறுத்திவிடவேண்டும். கல்ச்சர் சுத்தமாக இருந்தும் ஐந்து நாளோ அதற்கு மேலோ மருந்து தொடர்ந்த அதீதக் குறைமாதக் குழந்தைகளிடம் நெக்கும் இறப்பும் அதிகம் என்று அவதானிப்பு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குடலின் நல்ல பாக்டீரியா அழிந்து, அந்த இடத்தில் மருந்துக்கு அடங்காதவை குடியேறுவதே காரணமாகக் கருதப்படுகிறது. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் அப்படியே. இத்தாலியில் 274 குழந்தைகளிடம் 2012-ல் வெளியான ஆய்வில், ரானிடிடின் பெற்றவர்களில் தொற்று 37.4 சதவீதம், பெறாதவர்களில் 9.8. அமிலமும் ஒரு காவல்தான்.

எண்ணெய் பூசுவதைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். வங்கதேசத்தில் 2005-ல் வெளியான ஆய்வில் சூரியகாந்தி எண்ணெய் பூசிய குறைமாதக் குழந்தைகளிடம் மருத்துவமனைத் தொற்று 41 சதவீதம் குறைந்தது. வேறொரு ஆய்வில் பெட்ரோலியக் களிம்பு பூசிய மிகச் சிறிய குழந்தைகளிடம் தோலில் வாழும் பாக்டீரியாவால் வரும் ரத்தத் தொற்று கூடியது. எந்த எண்ணெய், எந்தச் சூழல், எவ்வளவு சுத்தமான கை என்பதைப் பொறுத்தது. மருத்துவக் குழுவின் சொல்படி மட்டுமே செய்யவேண்டும்.

கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு கடினம்

தாக்கும் குரல் குறைவு என்று முன்பு பார்த்தோம். காய்ச்சல் என்பதும் அந்தக் குரலின் ஒரு பகுதியே. ஆகவே குறைமாதக் குழந்தைக்குத் தொற்றில் காய்ச்சல் வராமல் போகலாம், உடல் சில்லிட்டும் போகலாம். கவனிக்க வேண்டியவை:

1. முன்பு இல்லாத அளவுக்கு மூச்சு அடிக்கடி நின்று நின்று வருவது, இதயத்துடிப்பு சரிவது.
2. வெப்பநிலை 36.5 முதல் 37.5 டிகிரிக்குள் நிற்காமல் ஏறி இறங்குவது.
3. நேற்றுவரை செரித்த பால் இன்று செரிக்காமை, வயிறு உப்பல், பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம்.
4. தோல் வெளிறி அல்லது திட்டுத்திட்டாக மாறுவது, துவண்டுபோவது.

‘இன்றைக்கு ஏதோ சரியில்லை’ என்று தாயோ செவிலியரோ சொன்னால், எந்திரத்தில் எண்கள் சரியாக இருந்தாலும் அதைத் தள்ளிவிடக்கூடாது. பல நேரம் அதுதான் முதல் தடயம்.

சோதனையிலும் பொறிகள் உண்டு. ரத்தக் கல்ச்சருக்குக் குறைந்தது 1 மி.லி. ரத்தம் வேண்டும். ஒரு கிலோ குழந்தையின் உடலில் உள்ள மொத்த ரத்தமே 80 முதல் 100 மி.லி.தான் என்பதால் எடுப்பவர்கள் தயங்கி அரை மி.லி. அனுப்பிவிடுகிறார்கள். ரத்தத்தில் கிருமி அடர்த்தி குறைவாக இருந்தால் அந்த மாதிரியில் அது சிக்காமலே போகும், ‘தொற்று இல்லை’ என்ற பொய்யான நிம்மதி கிடைக்கும். அழற்சியைக் காட்டும் ரத்தப் புரதமான சிஆர்பியின் அளவு ஏற 6 முதல் 12 மணி நேரமாகும். தொடக்கத்தில் எடுத்த ஒற்றை அளவு சாதாரணமாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 24 மணி நேரம் கழித்து மறுபடி எடுக்கும் அளவே பேசும்.

வீட்டுக்குப் போன பிறகு

தடுப்பூசிகள் பிறந்த தேதியிலிருந்து கணக்கிட்டே போடப்படவேண்டும், பிரசவத் தேதியாகக் குறித்திருந்த நாளிலிருந்து அல்ல. அளவும் குறைக்கப்படுவதில்லை. ‘எடை கூடட்டும்’ என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது அடிக்கடி நடக்கும் தவறு, தாயின் எதிர்ப்பொருள் பாதியோ பத்தில் ஒரு பங்கோ மட்டுமே வந்த குழந்தைக்குத்தான் தடுப்பூசி இன்னும் அவசரம். இரண்டு கிலோவுக்கும் குறைவான குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் போடும் ஹெபடைடிஸ் பி ஊசியில் மட்டும் தனி விதி உண்டு, மருத்துவர் அதைச் சொல்வார்.

கர்ப்பகாலத்தில் தாய்க்குப் போடும் ஆர்எஸ்வி தடுப்பூசி, குழந்தைக்கு எதிர்ப்பொருளைக் கடத்தக் குறைந்தது இரண்டு வாரமாவது வேண்டும். ஊசி போடும் வாரத்துக்கு முன்போ, போட்ட சில நாளிலோ பிறந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு வந்திருக்காது. இந்தக் குழந்தைகளுக்குத்தான் நேரடியாக நிர்செவிமாப் போடுகிறார்கள். வீட்டில் உள்ள எல்லோரும் இன்ஃப்ளூயன்சாவுக்கும் கக்குவான் இருமலுக்கும் தடுப்பூசி போட்டுக்கொள்வது, சளி பிடித்தவர் குழந்தை அறைக்கு வராமல் இருப்பது, உதட்டில் ஹெர்பிஸ் கொப்புளம் உள்ளவர் முத்தமிடாமல் இருப்பது ஆகியவை முதல் சில மாதங்களுக்குத் தளர்த்தக்கூடாதவை.

வீட்டில் அக்குளில் எடுத்த வெப்பநிலை 38 டிகிரியைத் தொட்டாலோ, போர்த்திய பிறகும் 36-க்குக் கீழே நின்றாலோ, குழந்தை இரண்டு முறை தொடர்ந்து பால் மறுத்தாலோ, மூச்சுவிடும்போது விலா உள்ளிழுத்தாலோ மறுநாள் காலை வரை காத்திருக்க வேண்டாம். அன்றே, அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்குப் போகவேண்டும், போனவுடன் ‘குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இத்தனையாவது வாரம்’ என்பதை முதலில் சொல்லவேண்டும்.